யார் காட்டிய தங்கவயல்?

கே.ஜி.எஃப். என்று சொன்னதும் இன்று நம் பிள்ளைகளின் மனக்கண்ணில் வந்து நிற்பது என்ன? புழுதி பறக்கும் இருண்ட நிலம். கரி பூசிய முகங்களோடு அடிக்கு அஞ்சி உழைக்கும் அடிமைக் கூட்டம். அவர்களை மீட்க வரும் தாடி வைத்த நாயகன். 2018 டிசம்பர் 21ஆம் நாள் வெளியான கன்னடப் படமும், 2022 ஏப்ரல் 14ஆம் நாள் வெளியான அதன் இரண்டாம் பாகமும் தந்த காட்சி இது. தமிழ், தெலுங்கு, மலையாளம், இந்தி ஆகிய மொழிகளிலும் வந்து நாடெங்கும் ஓடிய படம்.

அதற்கு முன் நூறாண்டுக்கும் மேலாக அந்த மூன்று எழுத்துகள் ஒரு தபால் முகவரியின் கடைசி வரியாக இருந்தன. சாம்பியன் ரீஃப், மாரிகுப்பம், கோரமண்டல், ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை என்று ஏதாவது ஒரு பெயரை எழுதி, அதன் கீழ் கே.ஜி.எஃப். என்று போட்டால் கடிதம் வந்து சேரும். வட ஆர்க்காட்டிலும் சேலம் பக்கத்திலும் சித்தூரிலும் இருந்த உறவினர்களுக்குத் தங்கவயல் என்றால் வேலை, சம்பளம், லைன் வீடு, ஷிப்டு, அவ்வளவுதான். "எங்க பெரியப்பா தங்கவயல்ல இருக்கார்" என்று சொன்னால் கேட்டவர் அதற்குமேல் விளக்கம் கேட்கமாட்டார்.

பெயர் ஒன்றுதான். அதன் பொருள் சில ஆண்டுகளுக்குள் மாறிவிட்டது. இது எப்படி நடந்தது, இதனால் நமக்கு ஏதேனும் இழப்பு உண்டா என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். சென்னைக் கல்லூரிகளில் பிள்ளைகள் 'விஸ்காம்' என்று சுருக்கிச் சொல்லும் காட்சித் தொடர்பியல் என்ற படிப்பு ஆராய்வதும் இத்தகைய கேள்விகளைத்தான். அந்தத் துறையின் அறிஞர்கள் சிலர் சொன்னவற்றைத் துணைக்கு வைத்துக்கொண்டு நம் ஊரைப் பார்க்கலாம்.

படத்துக்கு நங்கூரம் போடுவது யார்?

ஜான் பெர்ஜர் என்ற ஆங்கில எழுத்தாளர் 1972ஆம் ஆண்டு பி.பி.சி. தொலைக்காட்சியில் ஒரு தொடர் நடத்தினார். அதே பெயரில் வந்த நூலில் ஒரு சிறு சோதனை உண்டு. ஒரு பக்கத்தில் வான்கோ வரைந்த கோதுமை வயல் ஓவியம். மேலே காக்கைகள் பறக்கின்றன. சற்று நேரம் பாருங்கள் என்கிறார். பக்கத்தைத் திருப்பினால் அதே ஓவியம். கீழே ஒரு குறிப்பு. தற்கொலைக்கு முன் வான்கோ கடைசியாக வரைந்த படம் இதுதான் என்கிறது அது. அவ்வளவுதான், அதே கோதுமை வயல் நம் கண்ணுக்கு வேறாகிவிடுகிறது. காக்கைகள் சாவின் தூதர்களாகத் தெரிகின்றன. இதில் இன்னொரு வேடிக்கை, அது அவருடைய கடைசி ஓவியமே அன்று என்பது இன்றைய ஆய்வாளர்கள் கருத்து. ஆக, தவறான குறிப்பும் படத்தின் பொருளை மாற்றும் வல்லமை உடையது.

பிரெஞ்சு அறிஞர் ரோலான் பார்த் 1964இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதற்கு நல்ல உவமை ஒன்று சொன்னார். ஒரு படத்துக்குப் பல பொருள்கள் இருக்கலாம். அது அலையில் ஆடும் படகு மாதிரி. கீழே எழுதும் சொற்கள்தாம் அதை ஓரிடத்தில் நிறுத்தும் நங்கூரம்.

தங்கவயலில் எல்லோரும் அறிந்த காட்சி ஒன்றை எடுத்துக்கொள்வோம். சுரங்க வாயிலின் மேல் நிற்கும் உயரமான இரும்புக் கோபுரம். உச்சியில் பெரிய சக்கரம். அந்தச் சக்கரத்தில் ஓடிய கம்பிவடத்தில்தான் ஆட்களைச் சுமந்த கூண்டு இறங்கும், ஏறும். இந்தப் படத்தின் கீழ் 'இந்தியப் பொறியியலின் பெருமை' என்று எழுதலாம். 'கைவிடப்பட்ட பேய் நகரம்' என்றும் எழுதலாம். 'என் தாத்தா முப்பது வருஷம் இறங்கிய ஷாஃப்ட்' என்றும் எழுதலாம். மூன்றும் ஒரே படத்துக்குப் பொருந்தும். எந்த நங்கூரத்தை யார் போடுகிறார் என்பதுதான் கேள்வி.

'சின்ன இங்கிலாந்து'

முதல் நங்கூரத்தைப் போட்டவர்கள் கம்பெனிக்காரர்கள். லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் கம்பெனி 1880இல் இங்கே வேலையைத் தொடங்கியது. பங்களாக்களும் கிளப்பும் ஆஸ்பத்திரியும் எழுந்தன. குளுமையான தட்பவெப்பம் வேறு. ஊருக்குச் 'சின்ன இங்கிலாந்து' என்ற செல்லப்பெயர் வந்தது. 1902இல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கம்பி இழுத்துத் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூர் நகரத்துக்கு மின்விளக்கு வந்தது அதற்குப் பின், 1905இல்தான்.

இவை அனைத்தும் உண்மை. அந்தக் காலத்துப் புகைப்படங்களைப் பார்த்தாலும் இயந்திரக் கூடங்கள், பங்களாக்கள், தொப்பியணிந்த துரைமார்கள் என்று பளிச்சென்று தெரியும். ஆனால் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் உழைத்த இடம் அது. பெரும்பாலோர் தமிழர்கள், அவர்களிலும் பெரும்பகுதியினர் ஊரில் ஒரு காணி நிலமும் சொந்தமில்லாத தலித் மக்கள். சாதிக் கொடுமையிலிருந்தும் பஞ்சத்திலிருந்தும் தப்பி வந்தவர்கள். தட்டி கட்டிய குடிசைகளில், ஒரே அறையில் குடும்பமே வாழ்ந்தது. 'சின்ன இங்கிலாந்து' என்ற நங்கூரத்துக்குள் அந்த லைன் வீடுகள் அடங்கா. தொழிலாளி படத்தில் வந்தாலும் பெயரின்றி வருவார். இயந்திரம் எவ்வளவு பெரியது என்று காட்ட அருகில் நிறுத்தப்பட்டவர் போலவே தெரிவார்.

பொய் சொல்லாமலே ஒரு படம் பாதியை மறைக்க முடியும் என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை. கேமராவின் சட்டத்துக்குள் எதை வைப்பது என்று முடிவெடுப்பவர், எதை வெளியே விடுவது என்பதையும் சேர்த்தே முடிவெடுக்கிறார்.

ஒரு பெருவிரல் ரேகை, இரண்டு பொருள்

ஒரு தரப்பார் அனுப்பும் பொருளை மறுதரப்பார் அப்படியே வாங்கிக்கொள்வதில்லை என்று விளக்கியவர் ஜமைக்காவில் பிறந்து இங்கிலாந்தில் பணியாற்றிய ஸ்டூவர்ட் ஹால். 1973இல் அவர் எழுதிய கட்டுரை ஊடகப் படிப்பில் இன்றும் பாடமாக இருக்கிறது. செய்தியை அனுப்புகிறவர் அதில் ஒரு பொருளைப் பொதிந்து அனுப்புகிறார். பெறுகிறவர் அதை மூன்று விதமாகப் பிரிக்கலாம்: சொன்னபடியே ஏற்கலாம், சிலவற்றை ஏற்றுச் சிலவற்றைத் தன் அனுபவத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம், அடியோடு மறுத்து எதிர்ப்பொருள் கொள்ளலாம்.

ஹால் பிறப்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே தங்கவயல் தொழிலாளர்கள் இதைச் செய்து காட்டிவிட்டார்கள். 1930இல் தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவுசெய்ய நிர்வாகம் முற்பட்டது. நிர்வாகத்துக்கு அது ஓர் அலுவலகக் காரியம்: யார் யார் வேலைக்கு வருகிறார்கள் என்று பதிந்துவைப்பது. தொழிலாளிக்கு அந்த மையின் பொருளே வேறு. கைரேகை அந்நாளில் போலீஸ் எடுப்பது. 1897இலேயே கல்கத்தாவில் கைரேகைக் கூடம் அமைத்து, குற்றவாளிகளை அடையாளம் காண அதைப் பயன்படுத்தியது அரசாங்கம். குற்றப் பரம்பரைச் சட்டம் என்ற கொடுஞ்சட்டமும் அப்போது நடப்பில் இருந்தது. நம் மொழியிலோ 'கைநாட்டு' என்பது எழுத்தறியாதவரை இழித்துச் சொல்லும் சொல்.

'நாங்கள் திருடர்களா?' என்ற கேள்விதான் அந்த மையில் தொழிலாளிக்குத் தெரிந்தது. வேலைநிறுத்தம் வெடித்தது, சுரங்கங்கள் நின்றன. கூலியும் மற்றக் குறைகளும் அதில் சேர்ந்துகொண்டன என்றாலும், பொறி பற்றிய இடம் அந்த விரல் ரேகைதான். காகிதத்தில் பதியும் ஒரு சிறு அடையாளத்தின் பொருளை நிர்வாகம் மட்டுமே முடிவு செய்துவிட முடியாது என்பதை எழுத்தறியாதவர்கள் என்று கருதப்பட்ட அம்மக்கள் நிலைநாட்டினார்கள்.

திரைக்கு வந்த தங்கவயல்

இப்போது சினிமாவுக்கு வருவோம். பிரசாந்த் நீல் இயக்கி யஷ் நடித்த படத்தில் வரும் சுரங்கத்தின் பெயர் நராச்சி. கதைப்படி அது 1951இல் கண்டுபிடிக்கப்படுகிறது. ஒரு தனிமனிதன் அதை வெளியுலகம் அறியாமல் தன் கோட்டையாக்கி, ஆயிரக்கணக்கானவர்களை அடிமைகளாக வைத்து நடத்துகிறான். நாயகன் ராக்கி உள்ளே நுழைவது 1970களின் இறுதியில்.

உண்மைக் காலவரிசை இது: 1951க்குள் தங்கவயலில் எழுபது ஆண்டுகளாகத் தங்கம் வெட்டியாகிவிட்டது. 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. 1962இல் மத்திய அரசுக்குப் போயின. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் உருவாயிற்று. படத்தில் அடிமைகள் துன்புறும் அதே ஆண்டுகளில் உண்மையான தங்கவயலில் தொழிற்சங்கங்கள் இருந்தன; தேர்தல் நடந்தது; பள்ளிகள் நடந்தன.

படம் கற்பனைக் கதைதானே, அதில் வரலாறு தேடலாமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கற்பனை செய்ய எந்தக் கலைஞருக்கும் உரிமை உண்டு. இது கன்னடப் படம் என்பதால் எழும் குறையும் அன்று. நாம் கவனிக்க வேண்டியது, கற்பனையை உண்மைபோல் நம்பவைக்கப் படம் கையாளும் வழிகளை. நல்ல கைவேலை அது. ஆகவே படிக்கத் தக்கது.

முதலாவது, கதையைச் சொல்பவர் ஒரு முதிய பத்திரிகையாளர். அனந்த் நாக் நடித்த பாத்திரம். அவர் எழுதிய நூலை அரசாங்கம் தடை செய்துவிட்டதாகவும், தொலைக்காட்சிக்காரர்கள் அவரைப் பேட்டி காண்பதாகவும் கதை நகர்கிறது. புத்தகம், தடை, பேட்டி ஆகிய மூன்றையும் சேர்த்துக் கேட்டால் 'மறைக்கப்பட்ட உண்மை ஏதோ இருக்கிறது' என்ற எண்ணம் பார்ப்பவருக்குத் தானே வந்துவிடும். ஓர் ஊடகத்தின் மேலுள்ள நம்பிக்கையை இன்னோர் ஊடகம் கடன் வாங்கும் முறை இது.

இரண்டாவது, இடம். படத்துக்கான அரங்குகள் தங்கவயலின் சயனைட் மேடுகளில் போடப்பட்டன. பாறையைப் பொடியாக்கி, சயனைடு கரைசலில் தங்கத்தைக் கரைத்தெடுத்தபின் கொட்டிய சக்கை மண்தான் அந்த மேடுகள். சார்ல்ஸ் பியர்ஸ் என்ற அமெரிக்கத் தத்துவவாதி குறிகளை மூன்றாகப் பிரித்தார்: ஒப்புமையால் பொருள் தருபவை, வழக்கத்தால் பொருள் தருபவை, தடயத்தால் பொருள் தருபவை. புகை நெருப்புக்குத் தடயம். காலடி நடந்தவருக்குத் தடயம். சயனைட் மேடு என்பது மூன்று தலைமுறை உழைத்ததற்கான தடயம். அந்த அசல் மண்ணின் மேல் கற்பனைக் கோட்டையைக் கட்டிப் படம் பிடித்ததால், மண்ணின் உண்மை கதைக்கும் ஒட்டிக்கொண்டது.

மூன்றாவது, படத்தொகுப்பு. 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரஷ்ய இயக்குநர் குலேஷோவ் ஒரு சோதனை செய்தார். ஒரு நடிகரின் சலனமற்ற முகத்தை ஒரு கிண்ணம் சூப்புடன் சேர்த்துக் காட்டினார். சவப்பெட்டியுடன் சேர்த்துக் காட்டினார். ஒரு பெண்ணுடன் சேர்த்துக் காட்டினார். பசி, துயரம், ஆசை என்று பார்த்தவர்கள் அதே முகத்தில் மூன்று உணர்ச்சிகளைக் கண்டார்களாம். இரு துண்டுகளை ஒட்டும்போது இரண்டிலும் இல்லாத பொருள் பிறக்கிறது. அடிவாங்கும் தொழிலாளி, அடுத்த நொடி நாயகனின் கண்கள். இந்த இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டக் காட்ட, 'இவர்களால் தங்களைக் காத்துக்கொள்ள முடியாது, ஒருவன் வரவேண்டும்' என்ற கருத்து வசனமின்றியே நம் மனத்தில் இறங்கிவிடுகிறது.

நமக்கு இழப்பு ஏற்படுவது இந்த இடத்தில்தான். தங்கவயல் தொழிலாளியைக் கொன்றது சாட்டை பிடித்த ஒரு வில்லன் என்றால், அவனைச் சுட்டுவிட்டால் துயரம் தீர்ந்துவிடும். உண்மையில் அவர்களைக் கொன்றவை வேறு. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் சென்றது. அந்த ஆழத்தில் பாறை தாங்கும் அழுத்தம் மிகுதி. வெட்டிய வெற்றிடத்தை நோக்கி அது திடீரென வெடித்துச் சிதறும். 'ராக் பர்ஸ்ட்' என்று தங்கவயலில் குழந்தைக்கும் தெரிந்த சொல் அது. பாறையைத் துளைக்கும்போது எழும் சிலிக்கா தூசி நுரையீரலில் படிந்து, வேலையை விட்ட பின்னும் மூச்சைத் திணறடிக்கும். இவற்றை எதிர்த்துத் துப்பாக்கி தூக்க முடியாது. காற்றோட்டம், பாதுகாப்பு விதி, நஷ்டஈடு, மருத்துவம் என்று சங்கம் கட்டிக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அப்படிக் கேட்டவர்கள் நம் பாட்டனார்கள். அவர்களை வாய் பேசாக் கூட்டமாக நம் பிள்ளைகள் நினைத்துக்கொண்டால், நஷ்டம் நமக்குத்தான்.

தமிழில் வந்த பதில்

2024 ஆகஸ்ட் 15ஆம் நாள் பா. ரஞ்சித் இயக்கத்தில் விக்ரம் நடித்த 'தங்கலான்' வெளியானது. வட ஆர்க்காட்டுச் சிற்றூரிலிருந்து வெள்ளைக்காரத் துரையுடன் தங்கம் தேடிப் போகும் மக்களின் கதை. இங்கே தொழிலாளிக்குப் பெயர் உண்டு, முன்னோர் உண்டு, பறிபோன நிலத்தின் மேல் ஏக்கம் உண்டு. காட்சியின் மையத்தில் அவர்களே நிற்கிறார்கள்.

ஆயினும் இதையும் வரலாற்றுப் பாடமாகக் கொள்ளலாகாது. மாயமும் பழங்கதையும் கலந்த படம் அது, கற்பனைதான். இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்க்கும் பிள்ளையிடம் 'எது உண்மை?' என்று கேட்பதைவிட, 'இந்தப் படத்தில் யாருக்குப் பெயர் இருக்கிறது, யாருக்கு இல்லை?' என்று கேட்டால் அது நல்ல பாடமாகும்.

செய்திப் படங்களையும் இதேபோல் கேட்க வேண்டும். 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டபின் பத்திரிகைகளில் தங்கவயல் என்றால் துருப்பிடித்த சக்கரமும் இடிந்த சுவரும்தான். 'பேய் நகரம்' என்று தலைப்பு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போக விடியுமுன் ரயிலேறும் ஆயிரக்கணக்கானோரைப் படம் பிடித்திருந்தால் 'பேய் நகரம்' என்று எழுத முடியாது.

நாமே எழுதிய தங்கவயல்

தங்கவயல் மக்கள் தம் கதையைத் தாமே சொன்ன காலமும் உண்டு. பண்டிதர் அயோத்திதாசர் 1907இல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழுக்கும், அவர் கண்ட பௌத்த சங்கத்துக்கும் மாரிகுப்பம் வலுவான தளமாக விளங்கியது. இதழ் நின்றுபோனபின், 1926இல் பண்டித அப்பாதுரையார் அதைத் தங்கவயலிலிருந்தே மறுபடி நடத்தினார். அயோத்திதாசரின் நூல்களைத் தங்கவயலின் சித்தார்த்தா புத்தகசாலை அச்சிட்டுக் காத்தது. பகலில் சுரங்கத்தில் இறங்கிய மக்கள் கொடுத்த சில்லறைக் காசில் அச்சு இயந்திரம் ஓடியது. கம்பெனி போட்ட நங்கூரத்துக்குப் பக்கத்தில் தங்கள் நங்கூரத்தையும் போட்டவர்கள் அவர்கள்.

இன்று நம் கையில் அச்சுக்கூடம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு டிரங்குப் பெட்டியிலோ பீரோவிலோ பழைய புகைப்படங்கள் இருக்கின்றன. ஹெல்மெட்டும் விளக்குமாக நிற்கும் தாத்தா, லைன் வீட்டு வாசலில் பாட்டி, ஓய்வுபெற்ற அன்று மாலையோடு எடுத்த குழுப் படம். பின்னால் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் வெறுமைதான். யார், எந்த ஷாஃப்ட், எந்த ஆண்டு என்று எழுதவில்லை. சொல்லத் தெரிந்த பெரியவர்களோ ஒவ்வொருவராகக் குறைந்துவருகிறார்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். இந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெட்டியைத் திறவுங்கள். வீட்டுப் பெரியவரையும் பிள்ளைகளையும் உட்கார வையுங்கள். படத்தைத் தடித்த காகிதத்தில் ஒட்டாமல், பின்புறம் மெல்லிய பென்சிலால் நான்கு செய்திகளை எழுதுங்கள்: பெயர், இடம், ஆண்டு, செய்த வேலை. பிறகு செல்போனில் இருபுறமும் படம் எடுத்து உறவினர்களுக்கு அனுப்புங்கள். ஒரு படத்துக்கு ஐந்து நிமிடம் ஆகும். நங்கூரம் போடுவது என்றால் இதுதான்.

காலம் தாழ்த்தவும் கூடாது. 13 சயனைட் மேடுகளையும் மறுபடி அரைத்து, எஞ்சிய தங்கத்தை எடுக்கும் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இசைவு தெரிவித்திருக்கிறது. வேலை நடந்தால் ஊருக்கு நன்மை வரட்டும். ஆனால் அந்த மேடுகள் கரைந்துபோகும் நாளில், மூன்று தலைமுறை உழைப்பின் கண்கண்ட தடயமும் கரைந்துபோகும். அதற்குப் பின் தங்கவயல் என்பது படங்களில் மட்டும் இருக்கும்.

கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள் நம் பெரியோர். திரையில் கண்ட தங்கவயலைப் பற்றித் தீர விசாரிக்க நம் பிள்ளைகளுக்கு வெகுதூரம் போகவேண்டியதில்லை. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவைக் கேட்டால் போதும்; அவர் சொல்வதை எழுதிவைத்தால் போதும்.